அத்தாவின் சில்லிட்ட கை

2024ஆம் ஆண்டு ஜனவரி மாதம். ராசிபுரத்தை அடுத்த எங்கள் ஊரில் மார்கழி முடிந்து தை பிறந்திருந்த நேரம். ஃபஜ்ருத் தொழுகைக்காக அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு பள்ளிவாசலுக்கு நடந்து கொண்டிருந்தேன். அத்தாவுக்கு வயது 76. பார்வை மங்கிவிட்டதால் இருட்டில் தனியாக அனுப்புவதில்லை. அன்று அவர்களுடைய கை கிணற்றிலிருந்து அப்போதுதான் எடுத்த வாளிக் கயிற்றைப்போலச் சில்லிட்டிருந்தது.

"கீசர் போடலையா அத்தா?" என்று கேட்டேன்.

"சிரமமான நேரத்துல முழுசா வுளூச் செஞ்சா நன்மை கூடுதல்னு நீதானே பாடம் எடுத்தே" என்றார்கள்.

உண்மைதான். அதற்கு முந்தைய மாதம் எங்கள் மஹல்லாவின் வாராந்திர வகுப்பில் அந்த நபிமொழியைத்தான் விளக்கியிருந்தேன். பாவங்களை அழித்துத் தகுதிகளை உயர்த்தும் செயல்களுள் ஒன்றாக, சிரமங்களுக்கிடையிலும் வுளூவை நிறைவாகச் செய்வதை நபி (ஸல்) அவர்கள் எடுத்துச் சொன்னதாக அபூஹுரைரா (ரலி) அவர்கள் வழியாக முஸ்லிம் நூலில் இடம்பெற்றுள்ளது. அத்தாவின் பதிலைக் கேட்டதும் என் உள்ளத்தில் ஒரு பெருமிதம் எழுந்தது. என் பாடம் என் தந்தையிடமே பயன் தந்திருக்கிறதே என்று எண்ணிக்கொண்டேன். அந்தப் பெருமிதத்தை இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மூன்று நாள் கழித்து என் மகள் குளியலறையிலிருந்து அலறிக்கொண்டு வெளியே ஓடி வந்தாள். "சுடுதண்ணிக் குழாயைத் தொட்டா ஷாக் அடிக்குது!" என்றாள். வழக்கமாக நாங்கள் எல்லோரும் ரப்பர் செருப்பு அணிந்தே குளியலறைக்குள் போவோம். அன்று அவள் வெறுங்காலோடு போயிருந்தாள். அத்தா மட்டுமே நாள்தோறும் ஐந்து வேளையும் வெறுங்காலோடு, ஈரக் கல்லின்மேல் அமர்ந்து, ஒரு கையால் குழாயைப் பிடித்துக்கொண்டு வுளூச் செய்பவர்கள்.

மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு அத்தாவிடம் போனேன். "உங்களுக்கு இப்படி அடிச்சதே இல்லையா?" என்றேன்.

சற்று நேரம் பேசாமலிருந்தார்கள். பிறகு, "ரெண்டு மாசமா சுருக்கு சுருக்குங்குது. சக்கரை நோய்க்காரன் கை அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன்" என்றார்கள். மீண்டும் மௌனம். "அப்புறம் கீசர்தானோன்னும் தோணுச்சு. பிள்ளைக்கு இப்பத்தானே பள்ளிக்கூடப் பணம் கட்டினே. கோடை வந்துட்டா வெந்நீர் எதுக்கு, அதுவரைக்கும் ஓட்டிடலாம்னு பச்சைத் தண்ணிக்கு மாறிட்டேன்."

அத்தா முப்பது ஆண்டுகள் நாமக்கல் லாரிகளை வடநாட்டுக்கு ஓட்டியவர்கள். பிரேக்கில் சிறு சந்தேகம் இருந்தாலும் வண்டியை எடுக்க மாட்டார்கள் என்று அவர்களோடு வேலை செய்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அப்படிப்பட்டவர்கள் என் சம்பளத்தை நினைத்து, மின்கசிவுள்ள குழாயைப் பற்றி இரண்டு மாதம் வாய் திறக்கவில்லை. நான் நடத்திய பாடம் அந்த மௌனத்துக்கு ஒரு போர்வையாகிவிட்டது.

எங்கள் வீட்டில் இது இரண்டாம் முறை என்பதுதான் என்னை மிகவும் உறுத்தியது.

கீசர் வருவதற்கு முன் எங்கள் வீட்டில் செம்புப் பாய்லர் இருந்தது. 1980களில் அத்தா சேலம் கடைவீதியில் வாங்கிவந்தது. கொங்குப் பகுதியில் அன்று பல வீடுகளின் புறக்கடையில் இத்தகைய பாய்லர் நிற்கும். உருண்டையான செம்புக் கலம். அதன் நடுவே மேலும் கீழும் திறந்த ஒரு குழாய். அடியில் சாம்பல் விழும் தட்டு. நடுக்குழாயில் தேங்காய் மட்டையையும் கொட்டாங்கச்சியையும் மரவள்ளிக் குச்சியையும் போட்டுப் பற்றவைத்தால், சுற்றியிருக்கும் தண்ணீர் சூடேறும். மேலே புனல் வழியாக ஒரு சொம்பு பச்சைத் தண்ணீரை ஊற்றினால் அதே அளவு வெந்நீர் குழாய் வழியாக வெளியே வரும். மரவள்ளி விளையும் எங்கள் பக்கத்தில் விறகுக்குப் பஞ்சமில்லை.

ஆனால் அதைப் பற்றவைத்தவர் யார்? அம்மா. ஃபஜ்ருக்கு முக்கால் மணி நேரம் முன்பே எழுந்து, பனியில் நனைந்த மட்டையை ஊதி ஊதிப் பற்றவைத்து, அத்தாவுக்கும் எங்களுக்கும் வெந்நீர் வைப்பார்கள். ஆண்டுக்கணக்கில் இருமல் இருந்தது. சீதளம் என்றே எல்லோரும் எண்ணினோம். 2010இல் சேலத்தில் ஒரு மருத்துவர் அம்மாவைப் பரிசோதித்துவிட்டு, "வீட்டில் விறகு எரிக்கிறீர்களா?" என்று முதல் கேள்வியாகக் கேட்டார். சமையலுக்குக் கேஸ் அடுப்பு வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பாய்லரின் புகை எங்கள் யாருடைய நினைவுக்கும் வரவில்லை. வெந்நீரில் வுளூச் செய்த நாங்கள் புகையின் பக்கம் போனதே இல்லை. அந்த வாரமே கீசர் வாங்கினோம். அம்மாவின் இருமல் குறைந்ததே தவிர, முற்றாக நீங்கவில்லை.

ஒரே பொந்திலிருந்து இறைநம்பிக்கையாளர் இருமுறை கொட்டப்படலாகாது என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்திருக்கிறார்கள். மாணவர்களுக்கு அதை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பதினான்கு ஆண்டு இடைவெளியில் அதே குளியலறையில் நானே இருமுறை கொட்டுப்பட்டிருக்கிறேன். கொட்டு விழுந்தது மட்டும் என் பெற்றோர்மீது.

அன்று மாலை, என்னிடம் மக்தபில் ஓதிய மாணவர் ஒருவர் வந்து கீசரைச் சோதித்தார். இப்போது அவர் எலக்ட்ரீஷியனாக இருக்கிறார். சுவிட்சைப் போட்டு டெஸ்டரைக் குழாயில் வைத்ததும் விளக்கு எரிந்தது. உடனே அணைத்துவிட்டு, "ஹஜ்ரத், இந்தப் பிளக்குக்கு எர்த் இணைப்பே கொடுக்கலை. இவ்வளவு நாள் அல்லாஹ்தான் காப்பாத்தியிருக்கான்" என்றார். தொட்டியிலிருந்த தண்ணீரை வடித்து, கீழ்மூடியைக் கழற்றி, தண்ணீரைச் சூடாக்கும் காயிலை வெளியே எடுத்தார். அது காயிலாகவே தெரியவில்லை. விரல் பருமனுக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அப்பியிருந்தது. ஓரிடத்தில் உறை வெடித்திருந்தது. அந்த வெடிப்பு வழியாகத்தான் மின்சாரம் தண்ணீரில் கசிந்திருக்கிறது.

சேலம், நாமக்கல் சமவெளியில் வாழ்பவர்களுக்கு இந்த வெள்ளைப் படிவு புதிதல்ல. மேட்டூரிலிருந்து வரும் காவிரி நீரை நாம் 'நல்ல தண்ணீர்' என்கிறோம்; குடிக்கவும் சமைக்கவும் பிடித்து வைக்கிறோம். குளியலறைக்குப் போவது பெரும்பாலும் ஆழ்துளைக் கிணற்றின் 'உப்புத் தண்ணீர்'. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் பாறையைத் துளைத்துக் கொண்டுவரும் தண்ணீர் அது. அதில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட் சூடு பட்டதும் கரையாத கால்சியம் கார்பனேட்டாக மாறிக் காயிலின்மேல் படிகிறது. குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது என்கிறது. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை ஏற்கிறது. வாளியின் விளிம்பிலும் குழாயின் வாயிலும் வெள்ளை பூக்கும் வீட்டில், கீசருக்குள்ளும் அதுவே நடக்கிறது என்று அறிக. அத்தா இதைக் கேட்டதும், "ரேடியேட்டர்ல நான் ஒருநாளும் உப்புத் தண்ணி ஊத்தினதில்லை" என்றார்கள். வண்டிக்குத் தெரிந்த நியாயம் வீட்டுக்கு வரவில்லை.

எப்போது பழுது பார்ப்பது, எப்போது மாற்றுவது என்று அந்தத் தம்பியிடம் விரிவாகக் கேட்டறிந்தேன். படிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

குழாயிலோ தண்ணீரிலோ சிறிதளவு சுருக்கென்றாலும் அந்த நொடியே கீசரை அணைத்துவிட வேண்டும். எலக்ட்ரீஷியன் வந்து பார்க்கும்வரை அதைப் போடவே கூடாது. இதில் 'ஓட்டிவிடலாம்' என்ற பேச்சுக்கே இடமில்லை. தண்ணீர் சூடேற முன்பைவிட நீண்ட நேரமாவதும், சூடேறும்போது உள்ளே கடகடவென்ற ஓசை கேட்பதும் உப்புப் படிவின் அடையாளங்கள். தொட்டி நன்றாக இருந்தால் படிவை நீக்கி, காயிலை மட்டும் மாற்றினால் போதும். வெந்நீர் மட்டும் செம்மண் நிறத்தில் வந்தால் தொட்டி உட்புறம் துருப்பிடிக்கிறது என்று பொருள். பச்சைத் தண்ணீரும் அப்படியே வந்தால் பழுது குழாயிலோ மேல்தொட்டியிலோ இருக்கலாம்.

கசிவு இருந்தால் எங்கிருந்து வருகிறது என்று பார்க்க வேண்டும். இணைப்புக் குழாயிலோ ரப்பர் வாஷரிலோ சேஃப்டி வால்விலோ என்றால் மாற்றிக்கொள்ளலாம். சூடேறும்போது சேஃப்டி வால்வில் சில சொட்டுகள் விழுவது இயல்பு. தண்ணீர் விரிவடைவதால் அப்படி ஆகும். ஓயாமல் ஒழுகினால் அது பழுது. ஒழுகுகிறதே என்று அந்த வால்வை அடைத்துவிடுவது பேராபத்து. உள்ளே அழுத்தம் மிகுந்தால் வெளியேறும் வழி அதுதான். தொட்டியே ஓட்டை விழுந்து ஒழுகினால் பற்றவைத்துப் பயனில்லை, புதிது வாங்க வேண்டியதுதான். பத்து ஆண்டுகளைக் கடந்த கீசருக்குப் பழுதுச் செலவு புதியதன் விலையில் பாதியை எட்டினாலும் மாற்றுவதே சிக்கனம். எங்களுடையது பதினான்கு ஆண்டு பழையது. காயில் பொருந்தும் இடத்தைச் சுற்றித் தொட்டி அரித்திருந்தது. மாற்றுவது என்று முடிவு செய்தோம்.

தொட்டிக்குள் மக்னீசியத் தண்டு ஒன்று இருக்கும் என்பதையும் அன்றுதான் அறிந்தேன். கடைக்காரர்கள் அதை ஆனோடு ராடு என்பார்கள். தண்ணீரின் அரிப்பைத் தான் ஏற்றுக்கொண்டு மெல்லக் கரைந்து தொட்டியைக் காப்பது அதன் வேலை. எங்கள் பகுதித் தண்ணீருக்கு ஆண்டுக்கொரு முறையேனும் திறந்து பார்த்து, தேய்ந்திருந்தால் மாற்ற வேண்டும். எங்கள் கீசரில் அந்தத் தண்டின் கம்பி மட்டுமே எஞ்சியிருந்தது. தன்னைக் கரைத்துக்கொண்டு மற்றதைக் காத்த அந்தக் கம்பியைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவையும் அத்தாவையும் நினைத்துக்கொண்டேன்.

அடுத்தது பணம். புதிய கீசருக்கும், தனி ஒயரிங்குக்கும், எர்த் குழிக்கும் சேர்த்துப் பதினாலாயிரம் ரூபாய்க்கு மேல் கணக்கு வந்தது. மதரஸா ஆசிரியர் ஒருவருக்கு மாதக் கடைசியில் அது எளிய தொகையன்று. பரணில் கிடந்த செம்புப் பாய்லரை எடுத்துக் கொடுக்கச் சொன்னவர்கள் அம்மா. மூட்டு விட்டு ஒழுகிய பாய்லர். ஆனாலும் செம்பு செம்புதான். நான் தயங்கினேன். "அதை வெச்சு நான் என்ன பண்ணப் போறேன்? அது கொடுத்த இருமல் எங்கிட்ட இருக்கு, அது போதும். அத்தா கைக்கு அது உதவட்டும்" என்றார்கள். எடைக்குப் போட்டதில் செலவில் ஏறத்தாழப் பாதி கிடைத்தது. மீதியைக் கையிருப்பிலிருந்து கடனில்லாமல் கொடுத்தேன், அல்ஹம்துலில்லாஹ்.

கடையில் 25 லிட்டர் கீசர் வாங்கச் சொன்னார்கள். நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு தண்ணீரில் வுளூச் செய்ததும், ஒரு ஸாவு முதல் ஐந்து முத்து வரையிலான தண்ணீரில் குளித்ததும் நினைவுக்கு வந்தன. முத்து என்பது இரு கைகளையும் சேர்த்து அள்ளும் அளவு. நான்கு முத்து ஒரு ஸாவு. ஆறு பேர் அடுத்தடுத்து வாளியில் கலந்து குளிக்கும் எங்கள் வீட்டுக்கு 15 லிட்டரே போதுமானது. 15 லிட்டர் தண்ணீரை 25 பாகையிலிருந்து 60 பாகை செல்சியசுக்குச் சூடாக்க, 2,000 வாட் கீசருக்கு ஏறக்குறைய இருபது நிமிடமும் 0.6 யூனிட் மின்சாரமும் ஆகும். பெரிய தொட்டி வாங்கினால் தேவையில்லாத தண்ணீரையும் சேர்த்தே சூடாக்குவோம். வீண்விரயம் மின்சாரத்திலும் விரயம்தான். ஐ.எஸ்.ஐ. முத்திரையும் கூடுதல் நட்சத்திரக் குறியும் இருக்கிறதா, உப்புத் தண்ணீருக்கு ஏற்ற பூச்சு தொட்டிக்கு உண்டா என்று பார்த்து வாங்கினோம்.

பொருத்தும்போது கவனித்தவை இவை. கீசருக்கென மெயின் போர்டிலிருந்து தனியாக 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர். 16 ஆம்பியர் இணைப்பு. சுவிட்ச் குளியலறைக்கு வெளியே. எர்த் ஒயர் உண்மையிலேயே எர்த் குழிவரை போகிறதா என்று அளந்து பார்த்தார் அந்தத் தம்பி. 30 மில்லி ஆம்பியர் அளவுள்ள ஆர்.சி.சி.பி. ஒன்றையும் மாட்டினார். போகும் மின்சாரத்துக்கும் திரும்பும் மின்சாரத்துக்கும் வேறுபாடு வந்தால், அதாவது எங்கேனும் கசிந்தால், அது கண நேரத்தில் இணைப்பைத் துண்டித்துவிடும். தண்ணீர் நிறைந்த கீசர் இருபது கிலோவைத் தாண்டும் என்பதால் சுவரின் வலிமையையும் பார்க்க வேண்டும். முதன்முறை சுவிட்ச் போடுமுன் வெந்நீர்க் குழாயைத் திறந்து, தண்ணீர் சீராக வரும்வரை விட வேண்டும். வெறும் தொட்டியில் காயில் எரிந்துபோகும். அத்தாவுக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் சூட்டை 50 பாகைக்குக் குறைத்து வைத்திருக்கிறோம். விரல் மரத்தவர்களுக்குத் தண்ணீர் சுடுவது தெரியாமலே கை வெந்துவிடக்கூடும். அவர்களுக்கு வெந்நீரை வேறொருவர் விளாவிக் கொடுப்பதே நல்லது.

கேஸ் கீசர் வைத்திருக்கும் சகோதரர்களுக்கு ஒரு வார்த்தை. காற்றோட்டமில்லாத குளியலறைக்குள் அதைப் பொருத்தாதீர்கள். அதிலிருந்து வரக்கூடிய கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குளித்துக்கொண்டிருப்பவரை எச்சரிக்காமலே கொன்றுவிடும்.

இவையெல்லாம் முடிந்த பின், நான் நடத்திய பாடத்தை மீண்டும் எடுத்துப் படித்தேன். சிரமத்திலும் வுளூவை நிறைவாகச் செய்வதற்கு நன்மை உண்டு, அதில் ஐயமில்லை. ஆனால் அந்தச் சிரமம் தானாக வந்தடைவது. வெந்நீர் வைக்க வழியிருந்தும் சிரமத்தைத் தேடிப் போகும்படி மார்க்கம் நம்மைப் பணிக்கவில்லை. உமர் (ரலி) அவர்கள் வெந்நீரில் வுளூச் செய்ததை இமாம் புகாரி அவர்கள் தம் நூலில் குறிப்பிட்டிருக்கிறார்கள். தாத்துஸ் ஸலாஸில் பயணத்தில் கடுங்குளிர் இரவில் கடமையான குளிப்புக்கு ஆளான அம்ர் இப்னுல் ஆஸ் (ரலி) அவர்கள், குளித்தால் உயிருக்கு ஆபத்து என்றஞ்சித் தயம்மும் செய்து தொழுவித்தார்கள். அதைக் கேட்ட நபி (ஸல்) அவர்கள் சிரித்தார்கள். மறுத்து எதுவும் சொல்லவில்லை.

என்னை உலுக்கியது அபூதாவூத் நூலிலுள்ள மற்றொரு நிகழ்ச்சி. தலையில் காயம்பட்ட ஒருவருக்குக் குளிப்பு கடமையானது. தயம்முமுக்கு அனுமதி உண்டா என்று அவர் கேட்டபோது, உடனிருந்தவர்கள் இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியதும் நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபித்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்ற கருத்தில் கண்டித்தார்கள். அந்தத் தோழர்கள் தவறான எண்ணத்தில் சொல்லவில்லை, ஆனால் கேட்கவில்லை. நானும் தவறானதைப் போதிக்கவில்லை. ஆனால் சில்லிட்ட கையைப் பிடித்துக்கொண்டு நடந்தபோது இரண்டாவது கேள்வியைக் கேட்கவில்லை. "ஏன் அத்தா?" என்று ஒருமுறை கேட்டிருந்தால் போதும்.

இப்போது வகுப்பில் அந்த நபிமொழியை விளக்கும்போது, மாணவர்களுக்கு ஒரு வீட்டுப்பாடமும் தருகிறேன். வீட்டிலுள்ள முதியவர்களிடம் போய், எந்தத் தண்ணீரில் வுளூச் செய்கிறீர்கள், குழாயைத் தொட்டால் ஏதேனும் தெரிகிறதா, வழுக்குகிறதா என்று கேட்டு வரச் சொல்கிறேன். நம் பெற்றோர் கேட்டால் ஒழியச் சொல்ல மாட்டார்கள். கேட்டாலும் முதல் முறை 'ஒன்றுமில்லை' என்பார்கள். இரண்டாம் முறையும் கேளுங்கள். திருத்தக்கூடிய பழுதைப் பொறுமை என்ற பெயரில் அவர்கள்மேல் சுமத்திவிடாதீர்கள்.

அத்தா இன்றும் வெந்நீர்க் குழாயைத் திறக்குமுன் ஒரு விரலால் மெல்லத் தொட்டுப் பார்க்கிறார்கள். எத்தனை முறை சொன்னாலும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஃபஜ்ருக்கு நடக்கும்போது நானும் அவர்களுடைய கையைப் பிடித்ததும் முதலில் சூட்டைத்தான் பார்க்கிறேன்.

நம் பெற்றோர் சொல்லாமல் தாங்கிக்கொள்வதை அறிந்துகொள்ளும் கண்களை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. அவர்களுடைய கைகளை ஈருலகிலும் குளிரவிடாமல் காப்பானாக. ஆமீன்.